அரை டிக்கெட்டும் முழு அச்சமும்

சென்ற மே மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை, பன்னிரண்டு வயதான என் மகளைப் போத்தனூர் ரயில் நிலையத்தில் பொள்ளாச்சி வண்டியில் ஏற்றிவிட்டு, நான் ஏறாமல் நடைமேடையிலேயே நின்றுகொண்டேன். நாற்பது கிலோமீட்டர் பயணம். நடுவில் கிணத்துக்கடவு. மறுமுனையில் அவளுடைய அமுச்சி குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக அரை மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருந்தார். அவளுக்கு எதிரே அமர்ந்திருந்த அம்மாள் சன்னல் கம்பிகளுக்கு இடையே என்னைப் பார்த்து, "கூட ஆரும் வல்லீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்து, "நீ இங்க சன்னலோரம் உக்காந்துக்க கண்ணு" என்று சொல்லித் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். வண்டி புறப்பட்டது.

சாயங்காலத்துக்குள் செய்தி உறவுவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. என் மனைவியின் தாய்மாமன் தொலைபேசியில் அழைத்தார். மரியாதை குறையாத குரலில்தான் கேட்டார்: "ஏனுங் மாப்ள, பொட்டப்புள்ளய ஒத்தையில அனுப்பிச்சுப்போட்டு உங்களுக்குச் சோறு எறங்குச்சுங்களா? அதும் பொள்ளாச்சிக்கு?" அனுப்பலாம் என்று முதலில் சொன்னவள் அவருடைய மருமகள்தான் என்றேன். அதை அவர் நம்பவில்லை. பெற்றவள் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள் என்பது அவர் முடிவு. அன்று அவரிடம் நான் வாதிடவில்லை. அவர் நல்ல மனிதர்; எங்கள் குழந்தைகளின்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் கேட்டது கேலிக்குரிய கேள்வியும் அல்ல. ஆனால் அவரைப்போன்ற நல்ல மனிதர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து நம் குழந்தைகளுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது. இந்தக் கட்டுரை அவருக்கான பதில்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் தனியாகப் பயணம் செய்ய அனுமதிக்கப்பட வேண்டும். வயதுக்கேற்ப, படிப்படியாக, பழக்கி, ஆனால் கட்டாயமாக. அனுப்பாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்ற நம் நம்பிக்கை ஆதாரமற்றது. அந்த நம்பிக்கையின் பலனை அனுபவிப்பது பெரியவர்களின் மன அமைதிதான். அதற்கான விலையைக் குழந்தைகள் கொடுக்கிறார்கள்.

*

கோவைக்காரர்களுடன் இதைப் பேசும்போது ஒரு தேதியைத் தாண்டாமல் பேச முடியாது. 2010 அக்டோபர் 29. பள்ளிக்குப் புறப்பட்டுத் தெருவில் நின்ற பத்து வயதுச் சிறுமியும் அவளுடைய ஏழு வயதுத் தம்பியும் கடத்தப்பட்டார்கள். அந்தப் பிஞ்சுகளுக்கு நேர்ந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனக் கால்வாயில் அவர்கள் உயிர் முடிந்தது. குற்றவாளிகள் இருவர். ஒருவர் நவம்பர் 9 அன்று அதிகாலையில், போத்தனூர் அருகே, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார். நகரம் பட்டாசு வெடித்தது. மற்றவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2019-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் இந்த நகரத்தின் பெற்றோர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முக்கால் கிலோமீட்டர் தூரப் பள்ளிக்கும் வேன், வேன் நிற்கும் முனைவரை அம்மா, டியூஷனுக்கு அப்பாவின் பைக். பதினைந்து வருடங்களுக்கு மேலாகியும் அந்த முடிவு அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டிலிருந்து உக்கடத்துக்கு எந்தப் பேருந்து போகும் என்று தெரியவில்லை.

ஆனால் அந்த வழக்கை நாம் சரியாகப் படித்தோமா? அந்தக் குழந்தைகள் தனியாகப் பயணம் செய்யவில்லை. வேனுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களை ஏற்றிச்சென்றவர் வழிப்போக்கர் அல்லர். முன்பு அதே குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்த ஓட்டுநர். தெரிந்த முகம் என்பதால்தான் அவர்கள் ஏறினார்கள். 'தெரிந்தவர் வண்டியில் ஏறு, தெரியாதவரிடம் பேசாதே' என்று நாம் சொல்லிக்கொடுத்த பாடத்தை அந்தக் குழந்தைகள் பிசகாமல் பின்பற்றினார்கள். அந்தப் பாடம்தான் அவர்களைக் கைவிட்டது. அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டது என்ன? குழந்தைகளை இன்னும் அதிகமாகத் தெரிந்தவர்களின் வண்டிகளில் அடைப்பது!

துயரம் நடந்த ஊரில் இப்படி எழுதுவது இரக்கமற்றதாகத் தோன்றலாம். அந்தப் பெற்றோரின் இழப்புக்கு முன்னால் எந்த வாதமும் சிறியதுதான். ஆனால் ஒரு துயரத்திலிருந்து தவறான பாடத்தைக் கற்பது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இதைத் தனி ஒரு நிகழ்வைக்கொண்டு மட்டும் சொல்லவில்லை. 2007-ல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு வெளியானது. ஏதேனும் ஒரு வகையில் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகள் 53.22 விழுக்காடு. அத்துமீறியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது குழந்தையின் பொறுப்பில் இருந்தவர்கள். 2012-ல் போக்சோ சட்டம் வந்த பிறகு, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் இதைவிடக் கலவரமூட்டும் கணக்கு கிடைக்கிறது. பதிவாகும் போக்சோ வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு அறிமுகமானவர்: உறவினர், அண்டைவீட்டார், குடும்ப நண்பர், ஆசிரியர். 2019 மார்ச்சில் துடியலூரை அடுத்த பன்னிமடையில் கொல்லப்பட்ட சிறுமி எங்கும் பயணம் போகவில்லை, வீட்டருகே விளையாடிக்கொண்டிருந்தவள். மாமா குறிப்பிட்ட பொள்ளாச்சி வழக்கில், 2025 மே மாதம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட அந்த வழக்கிலும்கூட, பெண்களை வீழ்த்தியது இருட்டான ரயில் பெட்டி அல்ல. நட்பும் நம்பிக்கையும் காட்டி வரவழைத்தார்கள்.

ஆகவே பகலில், நூறு பேர் ஏறி இறங்கும் ஒரு பாசஞ்சர் வண்டி, குழந்தைகள் இருக்கும் இடங்களிலேயே ஆபத்து மிகுந்த இடம் என்பது நம் கற்பனை. ஆபத்து மிகுந்த இடங்கள் நான்கு சுவர்களுக்குள் இருக்கின்றன. அவற்றைப்பற்றிப் பேசினால் குடும்பம் உடையும், உறவு முறியும். ஆகவே ரயிலைப்பற்றிப் பேசுகிறோம்.

*

'தனியாகப் பயணம் செய்யும் குழந்தை' என்றதும் நம் மனதில் எழும் சித்திரம் ஒரு நடுத்தர வர்க்கத்துக் குழந்தையின் சித்திரம். ஏனென்றால் மற்ற குழந்தைகள் எப்போதுமே தனியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாம் கவனிப்பதில்லை.

தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டை தருகிறது. அந்த அட்டை அம்மாவுக்கு இல்லை, அப்பாவுக்கு இல்லை, பிள்ளைக்கு மட்டும். அதாவது, ஆறாம் வகுப்புப் பிள்ளை தன்னந்தனியாக அரசுப் பேருந்தில் ஏறி இறங்கிப் பள்ளிக்குப் போய்வரும் என்ற நம்பிக்கையில் ஓர் அரசுத் திட்டமே நடக்கிறது. செட்டிபாளையம் சாலையிலும் வெள்ளலூரிலும் காலை எட்டேகாலுக்கு நின்று பாருங்கள். புத்தகப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் தொங்கும் அண்ணன்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறும் சின்னப் பெண்களைப் பார்க்கலாம். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பின்னர் மற்ற மாணவர்களுக்கும் அதை விரிவுபடுத்தினார்கள். அதற்கும் பத்தாண்டுகள் முன்னால், 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கமும் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். எழுத்தறிவு இயக்கத்துக்குள் சைக்கிள் எதற்கு என்று அன்றும் கேட்டவர்கள் உண்டு. தானாக ஓரிடத்துக்குப் போய்வரத் தெரிவதும் எழுத்தறிவுதான் என்பதை அந்தப் பெண்கள் காட்டினார்கள்.

இப்போது நம் அடுக்ககங்களுக்கு வருவோம். கூடவே ஒருவர் போய்வருவது இங்கே ஓர் அந்தஸ்து. வேன், ஓட்டுநர், வாசலில் காவலாளி. 'எங்க பையனுக்கு பஸ்ஸெல்லாம் பழக்கமில்லை' என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோரை எனக்குத் தெரியும். ஆபத்துக்கு அஞ்சி ஆரம்பித்தது எப்போதோ கௌரவமாக மாறிவிட்டது. பிறகு அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற ஆபத்து தேவைப்படுகிறது. அதனால்தான் புலனத்தில் வரும் 'பிள்ளை பிடிப்பவர்கள்' வதந்திகளை இவ்வளவு ஆர்வமாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம். 2018-ல் அப்படிப்பட்ட வதந்தியை நம்பித்தான் தமிழ்நாட்டிலேயே அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

இதே கொங்கு மண்ணில் இன்னொன்றும் நடந்தது. 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்களகரமான பெயரில், தென்மாவட்டங்களிலிருந்து பதினாலு, பதினைந்து வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நூற்பாலைகளுக்கு அழைத்துவந்தார்கள். திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, ஆலை விடுதிகளில் வெளியே விடாமல் வைத்து வேலை வாங்கினார்கள். அந்தக் குழந்தைகள் தாய்தகப்பனைப் பிரிந்து தனியாக வந்தது எந்த உறவினரின் சோற்றையும் தொண்டையில் நிறுத்தியதாகத் தெரியவில்லை. இன்றும் ஆலப்புழை-தன்பாத் வண்டி நம் போத்தனூர் வழியாகத்தான் போகிறது, வருகிறது. வடக்கிலிருந்து வேலைக்கு வந்து இறங்கும் கூட்டத்தில் மீசை முளைக்காத முகங்களைப் பார்க்கிறோம். 'அந்தப் பையன் யாருடன் வந்திருக்கிறான்?' என்று ஒருவரும் கேட்பதில்லை. என் மகளைப் பார்த்துக் கேட்டார்கள். அவள் நல்ல சட்டை போட்டிருந்தாள்.

*

மாமாவின் கேள்வியில் 'பொட்டப்புள்ள' என்ற சொல் தற்செயலானது அல்ல. என் அண்ணன் மகன் பதினோரு வயதில் தனியாகப் பழனிக்குப் பேருந்தில் போனபோது, 'கெட்டிக்காரன்' என்று பாராட்டியவர் இதே மாமா.

பெண் குழந்தைகளைப் பற்றிய அச்சத்தில் இரண்டு அச்சங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, அவளுக்கு யாராவது தீங்கு செய்துவிடுவார்களோ என்பது. இது உண்மையானது, பெண்ணைப் பெற்ற யாரும் இதிலிருந்து தப்ப முடியாது. மற்றொன்று, அவள் தானே வழி தெரிந்துகொண்டுவிடுவாளோ என்பது. பன்னிரண்டு வயதில் பொள்ளாச்சிக்குத் தனியாகப் போகத் தெரிந்தவள் பதினெட்டு வயதில் சென்னைக்குப் படிக்கப் போவாள். இருபத்து மூன்றில் யாருடன் வாழ்வது என்று தானே முடிவெடுப்பாள். அந்த 'யார்' எந்தச் சாதி என்பதில்தான் நம் பகுதியின் தூக்கம் கெடுகிறது. இந்த இரண்டாவது அச்சத்தை வெளியே சொல்ல வெட்கமாக இருப்பதால், அது முதல் அச்சத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வருகிறது. 'காலம் கெட்டுக் கிடக்கிறது' என்று பெரியவர்கள் சொல்லும்போது இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவர்களே தங்களைக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

முதல் அச்சத்துக்கும் அடைத்துவைப்பது மருந்தல்ல. பதினேழு வயதுவரை ஓட்டுநரோடும் அண்ணனோடும் மட்டுமே வெளியே போன பெண், பதினெட்டாவது வயதில் ஒரு நாள் விடுதியில் சேர்க்கப்படுகிறாள். கூட்டத்தில் அத்துமீறும் கையை எப்படித் தட்டிவிடுவது, யாரிடம் உதவி கேட்பது, எப்போது கத்துவது, எந்தப் பேருந்தில் ஏறக்கூடாது என்று எதுவும் தெரியாமல் அவள் நகரத்துக்குள் இறங்குகிறாள். ஆறு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றிருக்க வேண்டியதை ஒரே வாரத்தில் கற்கச் சொல்கிறோம்.

*

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு தவறு நடக்கும். 'அந்தக் காலத்தில் நாங்களெல்லாம்...' என்று ஆரம்பித்துவிடுவோம். எனக்கும் அந்த ஆசை உண்டு. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன் நான். 1862-லேயே சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை போத்தனூரைத் தொட்டுவிட்டது. கோவை நகரம் 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் போன கிளைப்பாதையில் கிடைத்த ஊர் என்று எங்கள் பெரியவர்கள் பெருமையடிப்பார்கள். 1988-ல், பத்து வயதில், மீட்டர்கேஜ் வண்டியில் தனியாகப் பொள்ளாச்சி போயிருக்கிறேன். அப்போது எங்களுக்குப் பெயரே 'அரை டிக்கெட்'. ரயில்வே கட்டண அட்டவணையிலிருந்து தமிழுக்குள் வந்து, எல்லாச் சிறுவர்களுக்கும் செல்லப்பெயராகவும் வசைப்பெயராகவும் ஆகிவிட்ட சொல் அது. அரைக் கட்டணம் என்றாலும் அது பயணிக்குரிய கட்டணம். டிக்கெட் வாங்கியவன் பயணி.

ஆனால் அந்தக் காலம் பொற்காலமல்ல. அந்த வண்டியிலும் கைகள் நீண்டன. எங்கள் வயதொத்தவர்களில் எத்தனையோ பேருக்கு எதெதுவோ நடந்தது. யாரும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், இதே கொங்கு மேட்டுநிலத்தில் ஆட்டுக்குட்டிகளோடு வெட்டவெளியில் தனியாக விடப்பட்ட அந்தச் சிறுவர்களின் தனிமையைச் சுதந்திரம் என்று யாரும் சொல்ல முடியாது. பண்ணையத்துக்குப் பிணைக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். கைவிடப்படுவது வேறு, அனுப்பப்படுவது வேறு. அனுப்பப்படும் குழந்தைக்கு ஒரு முனையில் வழியனுப்பியவரும் மறுமுனையில் காத்திருப்பவரும் உண்டு. நடந்ததைச் சொன்னால் நம்பும் வீடு உண்டு. நான் கேட்பது இதைத்தான். என் பால்யத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை.

*

உலகம் முழுக்க இந்தச் சுருக்கம் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் அவருடைய சகாக்களும் 1990-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1971-ல் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் தாங்களாகவே பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் அது 9 விழுக்காடு. இந்தக் காலத்தில் சாலை விபத்துகளில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று அரசு மகிழ்ந்தது. ஹில்மன் சொன்னது வேறு: சாலை பாதுகாப்பாகவில்லை, குழந்தைகளைச் சாலையிலிருந்து அகற்றிவிட்டீர்கள். 2008-ல் லெனோர் ஸ்கெனாஸி என்ற பத்தி எழுத்தாளர் தன் ஒன்பது வயது மகனை நியூயார்க் சுரங்க ரயிலில் தனியாக வீடு திரும்ப அனுமதித்ததை எழுதினார். 'அமெரிக்காவின் மிக மோசமான தாய்' என்ற பட்டம் கிடைத்தது. பத்தாண்டுகள் கழித்து, 2018-ல், யூட்டா மாநிலம் அவரைப்போன்ற பெற்றோருக்கு ஆதரவாகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

'அது அமெரிக்கா, அங்கே போலீஸ் இருக்கிறது' என்பார்கள். சரி, ஜப்பானைப் பார்ப்போம். அங்கே தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். நகரங்களில் ரயிலும் ஏறுகிறார்கள். அங்கே குற்றமே கிடையாது என்பதல்ல காரணம். குழந்தைகள் குழுவாக நடக்கிறார்கள். பெரிய பிள்ளை முன்னால், சின்னப் பிள்ளைகள் பின்னால். சாலை முனைகளில் ஊர்ப் பெரியவர்கள் நிற்கிறார்கள். வழியிலுள்ள கடைகளிலும் வீடுகளிலும் ஓர் ஒட்டுவில்லை இருக்கும்: 'ஆபத்து என்றால் குழந்தை இங்கே ஓடிவரலாம்' என்று அதற்குப் பொருள். இதற்குச் செலவு எவ்வளவு? போத்தனூர்க் கடைவீதியில் மளிகைக்கடை, மருந்துக்கடை, பேக்கரி என்று இருபது கடைகளில் அப்படியொரு வில்லையை ஒட்ட முடியாதா? நம் ஊர் பேக்கரிகளில் காலை ஐந்து மணிமுதல் இரவு பத்துவரை ஆள் இருக்கிறது. இதைவிடக் காவல் வேறு என்ன வேண்டும்?

ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் எழுதிய நகரங்களைப்பற்றிய நூலில் ஒன்று சொல்வார்: தெருவைப் பாதுகாப்பது போலீஸைவிட அதிகமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். நமக்கு இது புதிதல்ல. திண்ணை கட்டியவர்கள் நாம். நம் குழந்தைகளைத் தெருவிலிருந்து விலக்கியதும் நம் கண்களையும் விலக்கிக்கொண்டோம். நம் பிள்ளை அங்கே இல்லாதபோது நாம் எதற்குப் பார்க்க வேண்டும்? அந்த இழப்பு யாருக்கு? வேறு வழியில்லாமல் அதே தெருவில் நடந்துபோகும் ஏழைக் குழந்தைக்கு. நாம் ஒவ்வொருவரும் நம் பிள்ளையை வேனில் ஏற்றும்போது மிச்சமிருக்கும் பிள்ளைகளின் தெரு இன்னும் கொஞ்சம் வெறிச்சோடுகிறது. இது எனக்கு முக்கியமான வாதம். நம் குழந்தையைத் தனியாக அனுப்புவது பிற குழந்தைகளுக்கும் செய்யும் உதவி.

வேன் பாதுகாப்பானது என்பதும் ஆராயப்படாத நம்பிக்கைதான். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஆறு வயதுச் சிறுமி இறந்தாள். அதன் பிறகே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதே ஆண்டில் 64,105 விபத்துகளுடன் தமிழ்நாடு எண்ணிக்கையில் முதலிடம். தலைக்கவசம் இல்லாத இரண்டு பிள்ளைகளை ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு பாலக்காட்டுச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும் அப்பாவிடம், 'உங்களுக்குச் சோறு இறங்குகிறதா?' என்று எந்த மாமாவும் கேட்பதில்லை.

*

இனி, எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். 'லட்சத்தில் ஒன்று என்றாலும், அந்த ஒன்று என் குழந்தையாக இருந்தால் எனக்கு அது நூறு விழுக்காடு.' இதற்குப் புள்ளிவிவரத்தில் பதில் கிடையாது. வண்டி நகர்ந்த பிறகு நடைமேடையில் நின்ற அந்த ஒரு மணி நேரத்தில் எந்தப் புள்ளிவிவரமும் என் உதவிக்கு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் வீட்டுக்குப் போகவில்லை. நிலையத்துக்கு வெளியே தேநீர் வாங்கி ஆறவிட்டேன். மூன்று முறை கைபேசியை எடுத்து அழைக்காமல் வைத்தேன். அழைக்கமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆனால் அந்த வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுபோனால் குழந்தையை எங்குமே விட முடியாது. பள்ளிக்கும், உறவினர் வீட்டுக்கும், மேலே சொன்ன கணக்குகளின்படி பார்த்தால் சொந்த வீட்டுக்குள்ளும்கூட. ஆகவே எல்லோருமே எங்கோ ஓரிடத்தில் அபாயத்தை ஏற்றுக்கொண்டுதான் வாழ்கிறோம். எங்கே என்று நாம் தேர்ந்தெடுக்கிறோம். அந்தத் தேர்வை யோசித்துச் செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை. எதுவும் கற்றுத்தராத அபாயத்தைவிட, குழந்தைக்கு ஏதாவது கற்றுத்தரும் சிறிய அபாயம் மேல்.

யோசித்துச் செய்வது என்றால் என்ன? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். இதில் மேதைமை எதுவும் இல்லை. ஏழு வயதில் சாலையைக் கடக்காமல் போகக்கூடிய கடைக்கு. ஒன்பதில் சாலையைக் கடந்து. பத்தில் நகரப் பேருந்தில் இரண்டு நிறுத்தம். முதல் முறை நான் பின்னிருக்கையில் தெரியாதவன்போல. பதினொன்றில் உக்கடம்வரை. அப்பா, அம்மா, அமுச்சி மூவரின் எண்களும் மனப்பாடம். கைபேசி தொலைந்தாலும் வாய் தொலையாது. குழந்தைகளுக்கான 1098, 1996-ல் மும்பையில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய இலவச எண். ரயிலில் 139. உதவி வேண்டுமென்றால் குழந்தையோடு இருக்கும் பெண்ணிடம் கேள். யாராவது தொட்டால் மரியாதை பார்க்காதே, கத்து. கடைசியாக, இதுதான் எங்களுக்குச் சிரமமாக இருந்தது: என்ன நடந்தாலும் வந்து சொல், உன்மேல் கோபப்படமாட்டோம், உன்னை நிறுத்திவைக்கமாட்டோம். நடந்ததைச் சொன்னால் வெளியே விடமாட்டார்கள் என்ற பயத்தில்தான் பெண்கள் தலைமுறை தலைமுறையாக எதையும் வீட்டில் சொல்லாமல் இருக்கிறார்கள்.

எல்லாக் குழந்தைகளும் ஒன்றல்ல என்பது உண்மை. பன்னிரண்டில் தயாராகாத பிள்ளை உண்டு. பத்தில் தயாரான பிள்ளை உண்டு. இரவுப் பயணத்தை நான் ஆதரிக்கவில்லை. அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. போத்தனூரைச் சுற்றி நடைபாதை என்று ஒன்று எத்தனை சாலைகளில் இருக்கிறது? குழந்தை நடப்பதற்கு இடமே விடாமல் சாலை போட்டுவிட்டு, 'சாலையில் விடாதீர்கள்' என்கிறோம். கண்காணிப்புக் கேமராவுக்குச் செலவழிப்பதில் கால்பங்கை நடைபாதைக்கும் தெருவிளக்குக்கும் செலவழித்தால் போதும். ஆனால் அரசு செய்யட்டும் என்று காத்திருந்தால் என் மகளுக்கு முப்பது வயதாகிவிடும்.

*

பொள்ளாச்சியிலிருந்து வந்த அழைப்பில் அவள் பேசியது நாற்பது வினாடி. "வந்துட்டேன்ப்பா. அமுச்சி கூட இருக்கேன். வெச்சர்றேன்." அவ்வளவுதான். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. எதிரே இருந்த அம்மாள் கிணத்துக்கடவில் இறங்கும்போது, பக்கத்திலிருந்த இன்னொரு பெண்மணியிடம், "இந்தப் புள்ள பொள்ளாச்சி போகுது, பாத்துக்குங்க" என்று ஒப்படைத்துவிட்டுப் போனாராம். அந்தப் பெண்மணி தான் கொண்டுவந்திருந்த முறுக்கில் இரண்டைக் கொடுத்தாராம். தெரியாதவர்கள் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடக்கூடாது என்று நாங்கள் சொல்லியிருந்ததால் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அமுச்சி வீட்டுக் கோழிகளுக்குப் போட்டுவிட்டாளாம். "அந்த அம்மா நல்லவங்கதான்பா. ஆனா ரூல் ரூல்தானே" என்றாள்.

நான் வெட்கப்பட்டேன். உலகம் அவளுக்குச் செய்தது அத்தனையும் நல்லது. எங்கள் விதிதான் அந்த முறுக்கை அவளுக்கு இல்லாமல் செய்தது. ஆனாலும் அந்த விதியை இப்போதைக்கு நான் மாற்றப் போவதில்லை. என் அச்சமும் முழுதாகப் போய்விடவில்லை என்பதை மாமா அறிந்துகொள்ளட்டும்.

அடுத்த விடுமுறைக்கு அவள் மறுபடி போகிறாள். இம்முறை எட்டு வயதுத் தம்பியையும் தன் பொறுப்பில் அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு அரை டிக்கெட். மாமாவும் வழியனுப்ப வரலாம். வண்டி புறப்படும் வரை சன்னலருகே நின்று எவ்வளவு அறிவுரை வேண்டுமானாலும் சொல்லலாம். ஏற மட்டும் கூடாது.